மட்டாஞ்சேரியும் என் சைக்கிளும்

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் திருநெல்வேலியிலிருந்து என் இளமைக்கால நண்பர் ஒருவர் மட்டாஞ்சேரிக்கு வந்து எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கினார். முதல் நாள் காலை அவர் எழுந்து வந்தபோது நான் நனைந்த சட்டையுடன் திண்ணையில் நின்று சைக்கிளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். வெளியே தூறல் ஓய்ந்தபாடில்லை. "என்ன வே, இந்த மழையிலுமா?" என்றார் நண்பர். பிறகு என் நரைத்த தலையைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "இந்த வயசிலுமா?" என்று இரண்டாவது கேள்வியையும் போட்டார்.

அப்போது சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆயினும் இரண்டு கேள்விகளும் நியாயமானவை. என் மனைவி அவற்றைப் பலமுறை கேட்டிருக்கிறாள். மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகன் தொலைபேசியில் கேட்டிருக்கிறான். பிறந்த ஊரை விட்டுக் குடிபெயர்ந்து வந்த நம் போன்ற குடும்பங்களில் இக்கேள்விகளுக்குக் கனம் சற்று அதிகம். சொந்த ஊரில் ஒருவன் விழுந்தால் தூக்கிவிடத் தெருவே ஓடி வரும். வந்த ஊரில், பிள்ளைகளும் வேறு தேசம் போய்விட்ட நிலையில், யார் வருவார்? ஆகையால் விளையாட்டாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ளாமல் முறையாக விடை சொல்லவேண்டும் என்று தோன்றிற்று. நம் சங்கத்து அன்பர்களில் வயது முதிர்ந்தோர் பலர் இருப்பதால் அந்த விடை இங்கே வெளிவருவது பொருந்தும்.

முதலில் நான் வண்டி ஓட்டும் வழியைச் சொல்லிவிடுகிறேன்.

காலை வழி

மலைச்சரக்கு வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுத 1978-ஆம் ஆண்டில் நான் மட்டாஞ்சேரிக்கு வந்தேன். அந்நாளில் சைக்கிள் எனக்குப் பிழைப்பின் ஒரு பகுதி. கிடங்குக்கும் வங்கிக்கும் துறைமுகத்துக்கும் அலைந்தது அதன் மீதுதான். ஓய்வு பெற்ற பிறகு அலைய வேண்டிய தேவை இல்லை. ஆனால் கால் கேட்கவில்லை. தேவைக்காக ஓட்டிய வண்டியை மகிழ்ச்சிக்காக ஓட்டத் தொடங்கினேன்.

காலை ஆறு மணிக்கு மட்டாஞ்சேரி அரண்மனை வாயிலிலிருந்து புறப்படுவேன். ஊரார் இதை டச்சு அரண்மனை என்றே அழைக்கின்றனர். உண்மையில் இதைக் கட்டியவர்கள் போர்ச்சுகீசியர். 1555-ஆம் ஆண்டளவில் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்தார்கள். டச்சுக்காரர் 1663-இல் கொச்சியைக் கைப்பற்றிய பின் இதைப் பழுதுபார்த்துப் புதுப்பித்தனர். அவ்வளவே அவர்கள் செய்தது. ஆயினும் கட்டியவர் பெயர் மறைந்துபோயிற்று; பழுதுபார்த்தவர் பெயர் நின்றுவிட்டது. இந்தச் சுவரைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணம் வரும்.

அரண்மனைக்கு அடுத்து யூதத் தெரு. 1568-இல் எழுந்த பரதேசி ஜெபாலயமும் 1760-இல் கட்டப்பட்ட மணிக்கூண்டும் தெருக்கோடியில் நிற்கின்றன. 'பரதேசி' என்ற சொல்லைப் பார்க்கும்போது எனக்குச் சற்றுப் பெருமையாகவே இருக்கும். வெளிதேசத்திலிருந்து வந்தவர்கள் தங்கள் பெயரிலேயே கோயில் எழுப்பி நானூறு ஆண்டுகளுக்கு மேல் இந்த ஊரில் நிலைபெற்றார்கள் அல்லவா?

அங்கிருந்து பஜார் வீதி. ஒருபுறம் பழைய கிடங்குகள். கிடங்குகளின் முதுகுப்புறம் காயல். சுக்கும் மிளகும் கலந்த மணம் மழைக்காலத்தில் இன்னும் அழுத்தமாக இருக்கும். கல்வத்திப் பாலத்தைக் கடந்தால் கொச்சிக் கோட்டை. சீன வலைகள் கடல்முகத்தில் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும். 1524-இல் இறந்த வாஸ்கோ ட காமாவை முதலில் அடக்கம் செய்த புனித பிரான்சிஸ் ஆலயத்தைச் சுற்றிக்கொண்டு வெளி மைதானத்துக்கு வருவேன். அங்கே நம் தமிழ் வண்ணார் குடும்பங்களின் சலவைத்துறை இருக்கிறது. இவர்களுடைய முன்னோரைப் படைவீரர்களின் உடைகளை வெளுப்பதற்காக டச்சுக்காரர் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவந்தனர் என்று சொல்வார்கள். முறுக்கிய கயிறுகளின் புரிகளுக்கிடையே துணியின் முனையைச் செருகி, கவ்வி எதுவுமின்றி உலர்த்தும் அழகை நின்று பார்க்கலாம். அங்கே இறங்கி இரண்டு வார்த்தை தமிழில் பேசிவிட்டு, கொங்கணியர் வாழும் செறளாயி வழியாக வீடு திரும்பினால் ஏறத்தாழ 7 கிலோமீட்டர்.

வழி முழுவதும் தட்டையான நிலம். ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. தோப்பும்படியில் வில்லிங்டன் தீவுக்குச் செல்லும் பழைய துறைமுகப் பாலம் ஒன்றே எங்கள் மலை. முதுமையில் சைக்கிள் ஓட்டுவதற்கு இதைவிட இணக்கமான நிலம் வாய்ப்பது அரிது. ஆனால் மேடு செய்யாத இடையூற்றை இங்கே வானம் செய்கிறது.

மழை கற்பித்தவை

குளிர்நாடுகளில் சைக்கிள்காரர்களுக்குப் பனிக்காலம் எப்படியோ, நமக்கு இங்கே மழைக்காலம் அப்படி. தென்மேற்குப் பருவமழை கேரளக் கரையில் இறங்குவதற்கு வானிலை ஆய்வாளர் குறித்துள்ள இயல்பான நாள் ஜூன் 1. ஐக்கிய நாடுகள் சபை 2018-இல் உலக சைக்கிள் நாளாக அறிவித்தது ஜூன் 3. உலகமெங்கும் சைக்கிளுக்கு விழா எடுக்கும் நாளில் நாங்கள் திண்ணையில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம்! கொச்சியில் ஓராண்டில் பெய்யும் மழை சுமார் 3,000 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதைப் போல் இருமடங்கு. தாமிரபரணிக் கரையில் வளர்ந்த எனக்கு முதல் ஆண்டில் இது மழையாகத் தோன்றவில்லை. யாரோ வானத்து மடையை அடைக்க மறந்துவிட்டார்கள் என்றே தோன்றிற்று.

ஆனால் கவனித்துப் பார்த்தால் மழைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. இங்கே இரண்டு பருவங்கள். இடவ மாதத்தின் பாதியில், அதாவது நம் வைகாசி நடுவில், தொடங்குவதால் முதற்பருவத்தை 'இடவப்பாதி' என்பர். அந்த மழை இரவென்றும் பகலென்றும் பாராது. காற்றோடு சரிந்து வரும். ஆயினும் இரண்டு பெருமழைகளுக்கு நடுவே சில சமயம் ஒரு மணி நேரம் இடைவெளி தரும். ஐப்பசியில் வருவது 'துலாவர்ஷம்'. அது பெரும்பாலும் பிற்பகலில் இடியும் மின்னலுமாக வரும். காலை தெளிவாகவே இருக்கும். ஆகவே முதற்பருவத்தில் வானத்தைப் பார்த்துப் புறப்படவேண்டும். இரண்டாம் பருவத்தில் கடிகாரத்தைப் பார்த்துப் புறப்படவேண்டும். மின்னல் வெட்டும் மாலையில் திறந்த கடற்கரையில் சைக்கிள் ஓட்டுவது வீரமன்று, மடமை.

அனுபவத்தில் கற்ற வேறு சிலவற்றையும் சொல்கிறேன். நனைந்த சக்கரத்தில் பிரேக் உடனே பிடிக்காது. கட்டை முதலில் வளையத்தில் உள்ள தண்ணீரை வழித்துத் தள்ளவேண்டும்; அதன் பிறகுதான் பிடிக்கும். எஃகு வளையமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆகையால் மழையில் வேகத்தைப் பாதியாக்கி, நிற்கவேண்டிய இடத்துக்கு வெகு முன்பே பிரேக்கை மெல்லத் தொடவேண்டும். டயரில் காற்றைச் சிறிது குறைத்துக்கொண்டால் பிடிமானம் கூடும். சாலையில் பூசிய வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, பாசி படர்ந்த சந்து இவை மூன்றும் வழுக்குப் பாறைக்குச் சமம். அவற்றின் மீது வண்டியைத் திருப்பவும் கூடாது. பிரேக்கை அழுத்தவும் கூடாது.

ஒரு கையில் குடை, மறு கையில் ஹேண்டில் பார் என்று செல்பவர்களை இவ்வூரில் நிறையப் பார்க்கலாம். நானும் இளமையில் அப்படித்தான் சென்றேன். இப்போது செய்வதில்லை, மழைக்கோட்டு போதும். தேங்கிய நீரில் மட்டும் எக்காரணத்தாலும் வண்டியை விடுவதில்லை. 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று நம் பெரியோர் சொன்னது இதற்கே போலும். நீரின் அடியில் சாக்கடை மூடி இருக்கிறதா இல்லையா என்று யார் கண்டது? மேலும் எலிக்காய்ச்சல் கிருமி அத்தகைய நீரில்தான் இருக்கும். காலில் உள்ள சிறு புண் வழியே அது உடலில் நுழைந்துவிடும். கேரளத்தில் மழைக்காலந்தோறும் உயிர் குடிக்கும் நோய் அது.

வீட்டுக்கு வந்ததும் நாம் தலை துவட்டுவதற்கு முன் செயினைத் துடைக்கவேண்டும். கடற்காற்றின் உப்பும் மழையும் சேர்ந்தால் இரண்டே நாளில் துரு ஏறிவிடும். துடைத்து உலர்த்தி, மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடவேண்டும். அடுக்களைத் தேங்காய் எண்ணெயை எடுத்து ஊற்றுவோர் உண்டு. அது நாளடைவில் பிசினாகித் தூசியைக் கட்டிக்கொள்ளும். பத்து நிமிட வேலைதான் இது. இந்தப் பத்து நிமிடத்துக்குச் சோம்பினால் மழைக்காலம் முடியும்போது வண்டியும் முடிந்திருக்கும்.

பின்லாந்து நாட்டில் ஔலு என்று ஒரு நகரம் இருக்கிறது. ஆண்டில் பல மாதங்கள் அங்கே பனி உறைந்து கிடக்கும். ஆயினும் பள்ளிப் பிள்ளைகளும் முதியோரும் பனியிலேயே சைக்கிளில் போகிறார்கள். குளிர்காலச் சைக்கிள் பயணத்தைப் பற்றிய உலக மாநாடு 2013-இல் முதன்முதலாக அங்கேதான் கூடியது. அவர்களெல்லாம் இரும்பு மனிதர்களா? இல்லை. நகரத்தார் சைக்கிள் பாதைகளில் விழும் பனியை விடாமல் வழித்துத் தள்ளிச் செம்மையாக வைத்திருக்கின்றனர். ஆகவே வானிலையை வெல்வது வீரம் அன்று. ஓயாத பராமரிப்பே என்று அறிகிறோம்.

நோய் கற்பித்தது

மழையோடு பழகிவிட்டேன் என்று நான் இறுமாந்திருந்த காலத்தில் நோய் வந்தது. 2007-ஆம் ஆண்டு கேரளத்தில் சிக்குன்குனியா பரவிய செய்தி பலருக்கு நினைவிருக்கும். எனக்கும் வந்தது. காய்ச்சல் ஐந்து நாளில் விட்டது, மூட்டுவலி விடவில்லை. காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியாது. பிரேக்கைப் பிடிக்க முடியாத கை சைக்கிளை எப்படிப் பிடிக்கும்?

அப்போது இரண்டு தவறுகள் செய்தேன். காய்ச்சல் விட்ட பத்தாம் நாளே, "வலியை ஓட்டித் தீர்த்துவிடலாம்" என்று புறப்பட்டது முதல் தவறு. பஜார் வீதி வரையில்கூடப் போக முடியவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பினேன். இரண்டு வாரம் படுக்கை. அதன்பின் மனம் வெறுத்து, "இனி இந்த ஜன்மத்தில் சைக்கிள் இல்லை" என்று அதைக் கொல்லைப்புறத்தில் சாத்தியது இரண்டாம் தவறு. முதல் தவறு உடம்பைக் கெடுத்தது. இரண்டாவது மனத்தைக் கெடுத்தது. ஏழு மாதம் அப்படியே போயிற்று. சாத்திய இடத்தில் வண்டி துருப்பிடித்தது. வீட்டுக்குள் நானும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தேன்.

என்னை மீட்டவர் சைக்கிள் கடைக்காரர். என்னைவிட மூத்த முஸ்லிம் பெரியவர். தமிழர்களை இவ்வூரார் அழைக்கும் வழக்கப்படி என்னை 'அண்ணாச்சி' என்பார். மனைவி துருப்பிடித்த வண்டியை விற்றுவிடச் சொன்னதால் அவரிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். மலையாளத்தில் அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "அண்ணாச்சி, துரு மேலேதான் இருக்கிறது. ஒரே நாளில் உரித்தால் இரும்பும் போய்விடும். நாள்தோறும் கொஞ்சம் துடையுங்கள். பிறகு விற்பதைப் பற்றிப் பேசலாம்."

அவர் சைக்கிளைப் பற்றித்தான் சொன்னார். நான் என்னைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து காலையில் கொஞ்சம் துடைத்தேன். பிறகு தெருக்கோடி வரை கொஞ்சம் ஓட்டினேன். இருநூறு கஜம்! அவ்வளவுதான். ஒரு வாரம் கழித்து மணிக்கூண்டு வரை. ஒரு மாதம் கழித்துக் கல்வத்திப் பாலம் வரை. 'பையத் தின்றால் பனையையும் தின்னலாம்' என்பது பழமொழி. நான்காம் மாதம் சீன வலைகளை மீண்டும் பார்த்தேன். வலைகள் என்னைத் தேடியிருக்க மாட்டா, நான் தேடியிருந்தேன்.

மூட்டு நோயுள்ளவர்களுக்கு மருத்துவர்கள் சைக்கிளை அனுமதிப்பதற்குக் காரணம் உண்டு. நடக்கும்போது உடலின் பாரம் முழங்காலில் இறங்குகிறது. சைக்கிளில் அந்தப் பாரத்தின் பெரும்பகுதியைச் சீட் தாங்கிக்கொள்கிறது. ஆனால் அதே காரணத்தால் எலும்புக்கு வேண்டிய உறுதியைச் சைக்கிள் தராது. பாரம் ஏறினால்தான் எலும்பு வலுப்பெறும். ஆகையால் சைக்கிள் ஓட்டுபவரும் சிறிது தூரம் நடக்கவேண்டும். சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்வோர் சட்டைப்பையில் கொஞ்சம் கற்கண்டு வைத்துக்கொள்வது நல்லது. காய்ச்சல் இருக்கும் நாளில் வண்டியைத் தொடலாகாது. மார்பில் இறுக்கமோ தலைச்சுற்றலோ தோன்றினால் அந்த இடத்திலேயே இறங்கிவிடவேண்டும். 'இன்னும் கொஞ்சம் தூரந்தானே' என்பது அப்போது நம் பகைவனின் குரல். இருதய நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது.

முதியோர் சிலர்

முதுமையைப் பற்றிய இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதற்கு உலகம் நல்ல விடைகள் வைத்திருக்கிறது.

ரஷ்ய நாட்டு ஞானி டால்ஸ்டாய் சைக்கிள் கற்றுக்கொண்டது 1895-இல். அப்போது அவருக்கு வயது 67-ஐ ஒட்டி. அவ்வாண்டுதான் அவருடைய கடைக்குட்டி மகன் இறந்திருந்தான். துயரத்தில் ஆழ்ந்திருந்த அந்தக் கிழவர் மாஸ்கோவில் சைக்கிள் ஏறிப் பழகினார்.

பிரான்சு தேசத்தில் ராபர்ட் மார்ஷான் என்பவர் 1911-இல் பிறந்தவர். நெடுங்காலம் சைக்கிளை விட்டிருந்து, அறுபது வயதைக் கடந்த பின்னரே மீண்டும் தீவிரமாக ஏறினார். நூறு வயது தாண்டியோருக்கான பிரிவில் ஒரு மணி நேரத்தில் 2012-இல் 24 கிலோமீட்டருக்குச் சற்று மேலும், 2014-இல் 26.9 கிலோமீட்டரும் சென்றார். அந்த இடைவெளியில் அவரை ஆராய்ந்த வெரோனிக் பிலா என்ற விஞ்ஞானி, அவர் உடல் பிராணவாயுவைப் பயன்படுத்தும் ஆற்றல் 13 சதவீதம் உயர்ந்ததாகக் கண்டறிந்தார். 101 வயதுக்கும் 103 வயதுக்கும் இடையே ஒருவர் உடல் முன்னேறியது! அவருடைய பயிற்சியில் பெரும்பகுதி மெதுவான ஓட்டமே. சிறு பகுதிதான் கடுமை. 105-ஆம் வயதில், 2017-இல், அவர் சென்ற தூரம் 22.5 கிலோமீட்டராகக் குறைந்தது. குறைந்தது என்பதற்காக அவர் நிறுத்தவில்லை. 2021-இல் 109 வயதில் காலமானார்.

இங்கிலாந்தில் ஆராய்ச்சியாளர் சிலர் 55 முதல் 79 வயது வரையுள்ள 125 சைக்கிள்காரர்களைச் சோதித்து 2018-இல் வெளியிட்ட முடிவும் இத்தகையதே. பல்லாண்டு ஓட்டிவந்த அவர்களுடைய தசைகள் அவ்வளவாகத் தளரவில்லை. நோயெதிர்க்கும் அணுக்கள் சிலவற்றின் உற்பத்தி இளைஞரைப் போலவே இருந்தது. ஆரோக்கியமாக இருந்ததால் ஓட்டினார்களா, ஓட்டியதால் ஆரோக்கியமாக இருந்தார்களா என்று ஒருவர் கேட்கலாம். இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்பதே என் எண்ணம்.

விழுந்த கதை

இவையெல்லாம் நான் படித்துத் தெளிந்தவை. தெளிந்தவன்தான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆடி மாதத்தில் விழுந்தேன். எனக்கு அப்போது 68 வயது. மழை வலுக்குமுன் வீடு சேர எண்ணி விரைந்தேன். ஒரு சந்தின் திருப்பத்தில், நனைந்த இரும்பு மூடியின் மேல் பிரேக்கை அழுத்தினேன். மேலே சொன்ன விதிகளில் மூன்றை ஒரே நொடியில் மீறிவிட்டேன். தலைக்கவசம் இருந்ததால் தலை தப்பியது. இடக்கை மணிக்கட்டு முறிந்தது.

மகன் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்த கேள்விக்கு அன்று விடை கிடைத்தது. "விழுந்தால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள், அப்பா?" என்று கேட்பானே! கிடங்கில் மூட்டை தூக்கும் தொழிலாளர் இருவர் ஓடிவந்து என்னைத் தூக்கினர். எதிர்வீட்டுக் கொங்கணி அம்மாள் ஒரு நாற்காலியும் தண்ணீரும் கொண்டு வந்தாள். "அண்ணாச்சியல்லவா! காலையில் போகும் அண்ணாச்சி!" என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னது வலியிலும் என் காதில் விழுந்தது. அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. என் பெயரும் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் நாள்தோறும் அந்த வழியே போகிறவன் என்று தெரிந்திருந்தது. ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். என் வீட்டுக்கு ஆள் அனுப்பினர். சைக்கிளையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தனர். நாற்பத்தைந்து ஆண்டுகள் இந்த ஊரில் வேலை பார்த்தேன். எனினும் என்னை இந்த ஊரான் ஆக்கியது வேலையா, வண்டியா என்று அன்று எண்ணிப் பார்த்தேன்.

இதை மகனிடம் சொன்னேன். அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "சரி அப்பா. ஆனால் இனி அதே வண்டியில் வேண்டாம்" என்றான். அதில் நியாயம் இருந்தது. உயரமான பழைய வண்டியில் காலைத் தூக்கிப் போட்டு ஏறுவது எனக்குக் கடினமாகிவிட்டது என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவன் எப்படியோ அறிந்திருக்கிறான்.

கட்டு அவிழ்த்த பின் கடைக்குச் சென்றேன். அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அவர் மகன் நடத்துகிறார். குறுக்குக் கம்பி இல்லாத வண்டி ஒன்றைக் காட்டினார். நமக்கெல்லாம் அது 'லேடீஸ் சைக்கிள்'. என் முகம் மாறியதை அவர் கவனித்தார். நான் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்றிரவு புதுக்கோட்டை நினைவு வந்தது. 1991-ஆம் ஆண்டு அறிவொளி இயக்கத்தின் காலத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அம்மாவட்டத்துக் கிராமப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளையும் கற்றனர். ஏறத்தாழ ஒரு லட்சம் பெண்கள் கற்றனர் என்பர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை விரிவாக எழுதியிருக்கிறார். பெண்கள் சைக்கிள் போதாமற்போனபோது அவர்கள் தயங்கவில்லை. ஆண்கள் சைக்கிளையே எடுத்துக்கொண்டனர். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாமே என்று அதை விரும்பியவர்களும் உண்டாம். ஊரார் கேலியைப் பொருட்படுத்தாமல் அந்தச் சகோதரிகள் ஆண்கள் வண்டியில் ஏறினர். படித்த மனிதனாகிய நான் பெண்கள் வண்டியில் ஏற வெட்கப்படுவதா? அன்று இளம்பெண்களாக இருந்த அவர்களும் இப்போது அறுபதை நெருங்கியிருப்பார்கள். அவர்களில் எத்தனையோ பேர் இன்றும் ஓட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நினைப்பதே எனக்குத் தெம்பாக இருந்தது.

மறுநாள் அந்த வண்டியை வாங்கினேன். சீட் உயரத்தில் மட்டும் ஒரு சமரசம் தேவைப்பட்டது. முழங்காலுக்குச் சீட் உயர்ந்திருப்பது நல்லது; சட்டென்று தரையில் கால் ஊன்றுவதற்குத் தாழ்ந்திருப்பது நல்லது. இரு கால்களின் முன்பாதமும் தரையைத் தொடும் உயரத்தில் வைத்துக்கொண்டேன். வீட்டில் ஓர் ஒப்பந்தமும் ஆயிற்று. பெருமழையில் போவதில்லை, இருட்டில் போவதில்லை, பாலத்து ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது, புறப்படும்போதும் திரும்பும்போதும் மனைவியிடம் சொல்வது. ஏழு கிலோமீட்டர் சில நாள் மூன்றாகும். கர்க்கடகம் எனப்படும் ஆடி மாதத்தில் பல நாள் ஒன்றுமே இராது. அம்மாதத்தில் இங்குள்ளோர் மருந்துக் கஞ்சி குடித்து உடலைச் செப்பனிடுவது வழக்கம். நானும் கஞ்சி குடித்துக்கொண்டு, ஓட்டாத வண்டிக்கு எண்ணெய் மட்டும் போட்டு வருகிறேன்.

என் நண்பருக்கு அன்று சொல்லாமல் விட்ட விடை இதுதான். மழையிலும் நோயிலும் வயதிலும் விடாமல் ஓட்டுவது எப்படி என்றால், நிறுத்தவேண்டிய நாளில் நிறுத்தக் கற்றுக்கொள்வதே வழி. அடம்பிடித்து ஓட்டுபவன் ஒரு நாள் விழுந்து அதோடு விட்டுவிடுவான். வெறுத்து நிறுத்துபவன் துருப்பிடித்துப்போவான். நிறுத்திய நாளிலும் செயினுக்கு எண்ணெய் விட்டு வைப்பவன்தான் மறுபடியும் ஏறுவான். டச்சு அரண்மனையின் பெயர் நமக்குச் சொல்வதும் இதுவே அன்றோ? முதலில் கட்டிய உடம்பு இளமையுடையது. அதன் பெருமை பெற்றோரைச் சேரும். பழுதுபார்த்து வைத்துக்கொள்ளும் உடம்பு முதுமையுடையது. அதற்கு மட்டுமே நாம் சொந்தம் கொண்டாட முடியும்.

நம் சங்கத்து அன்பர்கள் வீடுகளில் கொல்லைப்புறத்தில் சாத்திவைத்த சைக்கிள்கள் இருக்கக்கூடும். மழை சற்றே ஓயட்டும். மருத்துவரை ஒரு வார்த்தை கேளுங்கள். வண்டியை எடுத்துத் துடையுங்கள். தெருக்கோடி வரை போய்வாருங்கள். இருநூறு கஜம் போதும். மட்டாஞ்சேரிப் பக்கம் வந்தால் காலை ஆறு மணிக்கு அரண்மனை வாயிலில் காத்திருப்பேன். குறுக்குக் கம்பி இல்லாத வண்டியைப் பார்த்தால், அது நான்தான் என்று அறிந்துகொள்ளலாம்.